வேலை செய்கிறதா

ஹீயுமா தீவின் மீன்துறையில்
எடைக்கூடத்துக்கும் கணக்கறைக்கும் நடுவே
தொண்ணூறு தப்படி முற்றம். முழங்கால் வரை பனி.
அங்கே லினக்ஸ், இங்கே விண்டோஸ்.
பதினோரு நாளாகப் பேச்சில்லை.
பிடிபட்ட ஹெர்ரிங் அத்தனையும்
எண்களாகி, பென்டிரைவாகி,
ஹெல்தூரின் சட்டைப்பையில் முற்றம் கடக்கிறது.
பனியில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது.

ரைகோ மதியப் படகில் வந்தான்.
கடைசிப் படகு ஆறரைக்கு.

முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகினான்,
ஒன்றும் தெரியாதவர்கள் செய்வதுபோலவே.
பிறகு பிங் அடித்தான்.
கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும்
அந்தப் பக்கத்திலிருந்து "ம்".
"செவிடு இல்லை" என்றான்.
"அப்போ வீம்பு" என்றாள் உர்வெ,
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

இரண்டு கணினிகள் சந்தித்தால்
எந்த வழக்கில் பேசலாம் என்றுதான்
முதலில் கேட்டுக்கொள்ளும்.
எடைக்கூடத்துக்குத் தெரிந்தது ஒரே பழைய வழக்கு.
போன மாத அப்டேட்டில் விண்டோஸ் அதை மறந்துவிட்டது;
மறக்கச் சொல்லித்தான் அப்டேட்டே வந்தது.
ரைகோ முற்றம் தாண்டினான்,
சாம்பாவின் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றினான்,
முற்றம் தாண்டித் திரும்பினான். பூட்ஸுக்குள் பனி.

இப்போது வேறு சிவப்புப் பெட்டி.
ஏழு வருடமாக லினக்ஸ்
விருந்தாளி யாரும் வரலாம் என்று
கதவைச் சாத்தாமலே இருந்திருக்கிறது.
பேர் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள்ளும்
கால் வைக்கமாட்டேன் என்கிறது விண்டோஸ்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இது ஏழு வருடம்; போதும்தான்.

உர்வெயின் பெயரில் கணக்குத் திறந்தான்.
கடவுச்சொல்லாகத் தன் நாயின் பெயரைத் தந்தாள்.
மூன்று முறை தட்டினாள், மூன்று முறையும் தவறு.
அவன் சின்ன எழுத்தில் பதிந்திருந்தான்,
அவளுக்கோ நாயின் பெயரைச்
சின்ன எழுத்தில் தொடங்கக் கை வரவில்லை.
(பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத மொழியில்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
குறில், நெடில் சண்டையே எங்களுக்கு ஏராளம்.)
நாயை மாற்ற முடியாது என்றாள்.
அவன்தான் மாற்றினான்.

ஐந்தே கால்.
கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது.
தொட்டால், அனுமதி இல்லை.

மறுபடி முற்றம். கறுப்புத் திரையில்
ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் ஒரே உரிமையாளர்:
ஐவார், ஐவார், ஐவார்.
"யார் இவர்?"
"இதையெல்லாம் மாட்டியவன்.
துர்க்குவில் கப்பல் கட்டப் போய்
நாலு வருடம் ஆகிறது" என்றார் ஹெல்தூர்,
தராசைக் கழுவிக்கொண்டே.
"அவனிடம் கேட்க வேண்டுமா?"
"வேண்டாம்" என்றான் ரைகோ.
ஒரு கட்டளை. எண்ணாயிரத்துச் சொச்சம் கோப்புகள்
கை மாறின. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.
ஹெல்தூர்தான் ஏனோ குழாயை நிறுத்திவிட்டு நின்றார்.

கணக்கறையில் ஜன்னல் விரிந்தது.
உர்வெ கைதட்டவில்லை.
"எண்கள் சரியா இருக்கணுமே" என்று
கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துண்டுக் கோப்பு,
தேதி ஏழு வருடத்துக்கு முன்.
திறந்தால் ஒரே வரி:
வேலை செய்கிறதா?

இந்த அறையிலிருந்து யாரும் அதைத்
திறந்து பார்த்ததில்லை போல.
ரைகோ மணி பார்த்தான். ஆறு அடிக்கப் பத்து.
உர்வெ அவனைத் தள்ளிவிட்டுக்
கீழே தட்டினாள்: செய்கிறது.
சேமித்தாள்.

படகுக்கு ஓடும் வழியில்
பாதையில் ஹெல்தூர் எதிரே வந்தார்,
கையில் பென்டிரைவ்.
சரியாகிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.
ரைகோவுக்கும் நிற்க நேரமில்லை.

எடைக்கூடத்தின் கறுப்புத் திரையில் இப்போது
அந்தக் கோப்பில் இரண்டு வரிகள்.
இரண்டாவதன் கடைசியில் மட்டும்
விண்டோஸ் போட்ட, லினக்ஸுக்குப் புரியாத
ஒரு சின்னக் குறி,
வாசலில் விட்டுப்போன ஈரக் காலடி மாதிரி.
அதை யாரும் துடைக்கப்போவதில்லை.