இரட்டை இழுவை

பெட்டியைப் பிரிக்கும்போது
எல்லா எஞ்சினுக்கும் முகவரி மூன்றுதான்.
ஒருத்தனைக் கூப்பிட்டால்
ஊரே திரும்பிப் பார்க்கும், என்றான் ஜவாஹிர்.
பாம்பனில் அவன் செல்போன் கடைக்கு மேலே
தகரக் கூரை அறை,
கதவு அகலத்தில் மூன்று பிளைவுட்,
அதன்மேல் ஒரு வட்டம், ஒரு ஏற்றம், ஒரு பாலம்.
தடைக்காலத்தின் இருபத்தொன்பதாம் நாள்.
படகு நங்கூரத்தில் கிடக்க
எனக்கு இங்கே வேலை:
ஒரே ராத்திரியில் உப்புக்காற்று பூசிவிட்டுப் போகும் பழுப்பை
ஸ்பிரிட் நனைத்த துணியால்
தண்டவாளத்திலிருந்து துடைப்பது.

நீலத்துக்கு நாற்பத்தொன்று கொடுத்தான்.
சிவப்புக்கு எழுபத்திரண்டு.
பிறகு இரண்டுக்கும் பொதுவாக ஒரு பத்து.
பத்து என்று அழைத்தால்
இரண்டும் ஒன்றாகக் கிளம்பவேண்டும்.

முதுகோடு முதுகு சேர்த்துக் கோத்திருந்தான்.
நீலத்துக்கு முன்னால் என்பது
சிவப்புக்குப் பின்னால்.
அதனால் சிவப்பிடம் மட்டும்
ஒரு பொய்யை எழுதி வைக்கவேண்டும்:
பின்னால் போவதுதான் உனக்கு முன்னால்.
எழுதினான். நம்பிவிட்டது.

பத்தை அழைத்தான்.
நீலம் உதறிக்கொண்டு கிளம்பியது.
சிவப்பு இரண்டு நொடி யோசித்தது.
அந்த இரண்டு நொடியில்
கொக்கி விறைத்து
பன்னிரண்டு வேகனும் ஒரு குலுங்கு குலுங்கி
கடைசிப் பெட்டி கவிழ்ந்தது.

கழற்று, என்றேன்.
வட்டத்தில் தனித்தனியே விடு,
நடுவில் ஒரு சாண் இடம் வை,
மூணு சுற்றுக்கு அந்தச் சாண் குறையுதா கூடுதா பார்.
வேகமா ஓடுறதைத்தான் குறைக்கணும்,
மெதுவா ஓடுறதை ஏத்த முடியாது.
ஜவாஹிர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
உங்களுக்கு எப்படித் தெரியும்?

படகுல தெரியும், என்றேன்.

எந்தப் படகு என்று சொல்லவில்லை.
விளக்கணைத்த இரண்டு படகு,
நடுவே ஒரே மடி,
சட்டம் வேண்டாமென்று சொன்ன மடி.
அந்தப் பக்கம் கிறிசாந்து, இந்தப் பக்கம் நான்,
வாக்கிடாக்கியில் பேச்சே கிடையாது,
எண்கள் மட்டும்.
ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூறு.
ஆயிரத்து இருநூறு. சரி.
ஒரு ராத்திரி அவன் எண்ணைச் சொன்னான்,
நானும் அதே எண்ணைச் சொன்னேன்,
கை மட்டும் நூறு கூட வைத்தது.
ஏன் வைத்தது என்று இன்றுவரை கையைக் கேட்டதில்லை.
மடி பக்கவாட்டில் முறுக்கி
ஒரு ஓரம் முழுக்கக் கிழிந்து வந்தது.
முதலாளியிடம் இரண்டு பேரும் சொன்னோம்:
பாறை.
அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கிளம்பும் வேகம், நடு வேகம், உச்சம் என்று
மூன்று இடத்தில் நீலத்தைக் குறைத்தோம்.
எண்ணை எழுதி, ஓட்டி, அழித்து, எழுதி
மக்ரிப் பாங்கு கேட்டு அவன் போய்த் தொழுதுவிட்டு வந்து
மறுபடி எழுதி.
ஒன்பதாவது முறை அந்தச் சாண்
சாணாகவே நின்றது.

கோத்து, பன்னிரண்டு வேகனை மாட்டி
பத்தை அழைத்தான்.
யார் இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை.
ஏற்றத்தில் சத்தம்கூட மாறவில்லை.
பாலத்தின் நடுவே வரும்போது
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் ஒரு உரசல்.
டார்ச் அடித்துப் பார்த்தால்,
நீலத்தின் வயிற்றில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறதாம்,
மிச்சமிருந்த உயிரை வைத்துக்கொண்டு
சக்கரம் சுழலாத சிவப்பையும்
அதன் பின்னால் அத்தனை வேகனையும்
இன்னும் நாலு விரல் தூரம்
இழுத்துவிட்டுத்தான் நின்றது.

சிவப்புக்கும் ஒண்ணு வைக்கணும், என்றான் ஜவாஹிர்,
பாலத்து மேலயே நிக்கட்டும், தொடாதீங்க.

மறுநாள் காலை தெற்குவாடித் துறையில்
கிறிசாந்து படகுக்கு பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.
தடை முடிந்தால் அவனவன் வலை அவனவனுக்கு.
ஆனாலும் போய்ப் பக்கத்தில் நின்று
சும்மா இருக்கும்போது உன் எஞ்சின் எத்தனையில் ஓடுது
என்று கேட்டேன்.
பிரஷ்ஷை எடுக்காமல்
அறுநூத்தி அம்பது, என்றான்.

அம்பது கூடச் சொல்கிறான்.