எண்பத்தெட்டு

நேற்று பதினேழு. இன்று இருநூற்று மூன்று.
இரண்டு தாளையும் ஜன்னல் கம்பிக்குள் நீட்டுகிறாள்
தேவனாம்பட்டினம் பவுனம்பாள்.
"ஒரே ராத்திரியில என்னை எங்க தள்ளுன?"

தள்ளவில்லை.
ராத்திரி சர்வரை மாற்றினோம்,
போகிற போக்கில் ஒரு இண்டெக்ஸ் சேர்த்தோம்.
தடைக்கால நிவாரணப் பட்டியல்,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதே ஆட்கள், அதே தொகை,
வேறு வரிசை.

நான் மஞ்சக்குப்பம் அலுவலகத்தின் ஒப்பந்தக் கணினிக்காரன்.
இரண்டு வருடமாக ஓடும் அந்தக் கட்டளையில்
ஆர்டர் பை என்ற சொல்லே இல்லை.
எழுதியது நான்தான்.
தினமும் ஒரே மாதிரி வந்ததால்
அதுதான் வரிசை என்று இருந்துவிட்டேன்.
டேபிளுக்குள் முதலாவது கிடையாது, கடைசி கிடையாது.
கூடையில் கொட்டிய நெத்திலி;
கைக்குத் தட்டுப்பட்டது மேலே வரும்.
கேட்காத வரிசையைத் தருவதாக
அது ஒருநாளும் சொன்னதில்லை.

"பேர் வரிசையில போடுங்க" என்றார் சூப்பிரண்டு.
போட்டேன்.
கபாலிக்கு முன்னால் வந்து நின்றாள் கன்னியம்மாள்.
நெடுங்கணக்கின் கடைசியில் நாம் உட்காரவைத்த னகரம்
கணினிக்குள் நகரத்துக்குப் பக்கத்து வீடு.
ஹபீபா பீவிக்கு எந்த ஏற்பாட்டிலும் கடைசி இடம்தான்,
வங்கியோ ஒரு நாளைக்கு
முந்நூறு பேருக்கு மேல் போடாது.

கதவு எண்?
அந்தக் கட்டத்தை எழுத்தாக வைத்துத் தொலைத்திருக்கிறேன்.
ஒன்று, பத்து, நூறு, பதினொன்று,
அதற்கப்புறம்தான் இரண்டு.

மனுக் கொடுத்த தேதிப்படி என்று முடிவாயிற்று.
நியாயமாகத்தான் பட்டது.
தேதி இல்லாத ஒன்பது பேர்
எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தார்கள்.
வெற்று என்பது பூஜ்யம் இல்லை,
முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை,
ஆனாலும் எங்காவது நிறுத்தியாக வேண்டுமே.
கடைசியில் நிறுத்தினேன்.
யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை.

மீதியில் நூற்று அறுபது பேருக்கு ஒரே தேதி.
ஏப்ரல் ஒன்பது, முகாம் நடந்த நாள்.
பவுனம்பாளும் அதில்தான்.
ஒரே தேதிக்குள் மறுபடி நெத்திலிக் கூடை.
இன்னொரு கட்டம் வேண்டும்,
ஆளுக்கு ஒன்றாக, யாருக்கும் யாரோடும் ஒட்டாததாக.
பதிவு எண்.

பதிவு எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.
அன்று பந்தலுக்குள் கடல்காற்று.
மனுக்கள் மணலெல்லாம் பறந்தன.
நானும் பந்தல்காரப் பையன் இருதயராஜும்
ஓடி ஓடிப் பொறுக்கினோம்,
அகப்பட்டபடி அடுக்கினோம்,
மேலே டீ கிளாஸை வைத்தோம்.
அந்த அடுக்கின்படிதான் சாயங்காலம் தட்டினேன்.

கட்டளையின் கடைசி வரியில் சேர்த்தேன்:
தேதிப்படி; தேதி ஒன்றானால் பதிவு எண்படி.
ஓட்டினேன்.
சர்வரை அணைத்துப் போட்டு ஓட்டினேன்.
அந்த இண்டெக்ஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன்.
எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டு.

புதுத் தாளில் விரலை ஓட்டி
தன் பேரைப் பிடித்தாள் பவுனம்பாள்.
பதினேழை விட மோசம்தான்.
"நாளைக்கும் இதானே?"
"இதான்."
பழைய தாள் இரண்டையும் நாலாக மடித்து
சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

முகாம் நாள் கட்டில் அவள் மனுதான் முதலாவது.
அதன் நடுவில் பழுப்பாக ஒரு டீ வட்டம்.
அதை நான் சொல்லவில்லை.