இன்னும் டிசம்பர்

கரும்பலகையின் வலது மூலையில்
இன்னும் டிசம்பர் இருபத்துமூன்று.
பதிவு முப்பத்துநான்கு, வருகை முப்பத்திரண்டு.
அழிக்கப் போன கை
அப்படியே நின்றது.
எனக்கும் இன்னும் ஆண்டு பிறக்கவில்லை போல.

மன்னார்குடியிலிருந்து ஏழு ஐம்பது பஸ்.
கோட்டூர் தாண்டியதும் ஜன்னல் முழுக்கப் பனி,
பனி விலகிய இடமெல்லாம்
சாய்ந்து கிடந்தது சம்பா.
கதிர் முற்றிய பிறகு பெய்த மழை.
கண்டக்டர் யாரிடமோ ஈரப்பதம் பேசிக்கொண்டு வந்தார்:
பதினேழுக்கு மேல் போனால்
கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்களாம்.
என் பையில் முப்பத்திரண்டு விடைத்தாள்.
அவற்றிலும் பாதிக்கு மேல்
எடுக்க முடியாத ஈரம்.

தலைமையாசிரியர் நேற்றிரவே குழுவில் போட்டிருந்தார்:
மாணவர்களைப் படிப்பின் பக்கம் திருப்பவும்,
முதல் பாடவேளையில் உறுதிமொழி எடுக்கவைத்துப்
புகைப்படம் அனுப்பவும்.
திருப்பவும்.
கூடவே ஒரு மண்வெட்டியும் கொடுத்திருக்கலாம்.

வகுப்பில் இருபத்தாறு பேர்.
மிதுன் திருப்பூரில் பனியன் கம்பெனியில்,
பொங்கல் கழித்துத்தான் வருவானாம்.
மற்றவர்கள் வந்திருந்தார்கள்,
ஆனால் வரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பெல்ட் மெஷின் அறுத்துக்கொண்டிருந்தது,
சேலத்து நம்பர், பின்னால் கொக்குகள்.
அது வரப்போரம் திரும்பும்போதெல்லாம்
இருபத்தாறு தலையும் திரும்பின.

உறுதிமொழி நான்கு வரி எழுதி வைத்திருந்தேன்.
மடித்துவிட்டு,
"அஞ்சு நிமிஷம் பாருங்க" என்றேன்.
"மெஷினையா டீச்சர்?"
"மெஷினைத்தான்."
பார்க்கச் சொன்னதும்
மூன்றாம் நிமிஷத்திலேயே சலித்துவிட்டது.

பிறகு ஆளுக்கு அரைத்தாள்.
லீவில் செய்தது ஒன்று,
இனி செய்ய நினைப்பது ஒன்று.
மார்க் கிடையாது, பிழை பார்க்க மாட்டேன்.
பார்த்தேன். பழக்கம்.

ரிஸ்வானா: நாகப்பட்டினத்தில் கல்யாணம், மூன்று நாள் பரோட்டா.
இனி கணக்கில் பெயிலாகக் கூடாது. ஆனாலும் ஆகலாம்.
ஜெனிலா: குடில் கட்டினோம், மாட்டுக்குக் கொம்பு உடைந்துவிட்டது.
வீரசேகர்: ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் கேம்.
இனி ஒன்பது.

கடைசி பெஞ்சு முகிலரசன்:
சாஞ்ச பயிரத் தூக்கிக் கட்டினோம்.
நாலு நாலு குத்தாச் சேத்து
அதோட தாளாலேயே முடிச்சுப் போடணும். கயிறு கெடையாது.
தனியாத் தூக்கினா நிக்காது, விட்டதும் படுத்துடும்.
கை வலிச்சு அப்பா வரப்புல ஒக்காந்துட்டாங்க.
நான் ஆறு வரிசை கட்டினேன்.
இனி செய்ய நினைப்பது என்ற இடத்தில்
ஒன்றும் இல்லை, சேறு மாதிரி ஒரு விரல்தடம்.

அறிவியலில் முப்பத்தொன்று எடுத்தவன்.
அவன் விடைத்தாளைப் புரட்டினேன்.
எதிர்ப் புவிநாட்டம், எடுத்துக்காட்டுடன் விளக்குக:
"நெல்லு சாஞ்சாலும் கணுவுல வளைஞ்சி
தலைய மட்டும் மேல தூக்கும்."
குறுக்கே என் சிவப்புக் கோடு. பூஜ்ஜியம்.
கலைச்சொல் ஒன்றும் எழுதவில்லை என்று
போட்டிருக்கிறேன் போல.
எந்த இரவில் திருத்தினேன், நினைவில்லை.
நான்குக்கு மூன்று போட்டேன்.
முப்பத்துநான்கு. தேற இன்னும் ஒன்று வேண்டும்,
அந்தச் சொல்லுக்கான ஒன்று.

கூப்பிட்டுச் சொன்னேன்.
"நாளைக்குப் படிச்சிட்டு வர்றேன், அப்பப் போடுங்க" என்றான்,
கெஞ்சவில்லை.
ஈரம் என்று திருப்பிவிட்ட மூட்டையைக்
காயவைத்து மறுபடி கொண்டுவருகிறவன் குரல் அது.

அந்த உற்சாகத்தில்
எல்லோரையும் நாலு நாலாய் உட்காரச் சொன்னேன்.
பேச்சு நாலு மடங்கானது.

புகைப்படம் இன்னும் அனுப்பவில்லை.
டிசம்பரை அழித்து, ஜனவரி என்று எழுதி
வருகை இருபத்தாறு என்று போடும்போது
மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்டு உறுமியது.
இருபத்தாறு தலையும் திரும்பின.
இருபத்தேழு.