கீழ்முனையைத் தூக்குகிறவன்

திரியெஸ்தே நகரத்தில்
பியானோ மாடியேறும்போது
மேல்முனையில் எஜிதியோ, கீழ்முனையில் நான்.
பதினோரு ஆண்டுகளாக நான் பார்த்த உலகம்
ஒரு கறுப்பு விளிம்பு,
அதற்கு மேலே, வியர்த்த சட்டைக்குள்,
அவனுடைய இடது தோள்.

அதனால் அந்த மேட்டை முதலில் பார்த்தவன் நான்தான்,
அவன் மனைவி அல்ல.
ஒரு வசந்தத்தில் பட்டாணி.
பிறகெப்போதோ ஆலிவ் காய்.
பிறகு, சட்டைத் துணிக்கு அடியில்
கவிழ்த்து வைத்த பாதி எலுமிச்சை.

"ஒட்டகமே, நட" என்பேன்.
சிரிப்பான்.
சிரித்து முடித்ததும் வார்ப்பட்டையை
ஒரு விரல் அகலம் தள்ளிவைத்துக்கொள்வான்.
அந்த ஒரு விரல் அகலம்தான் பயம் என்று
எனக்குப் பிடிபட நான்கு ஆண்டுகள் ஆயின்.

அவன் அப்பா கப்பல் கட்டும் தளத்துக்காரர்.
நுரையீரலில் ஒன்று வந்து, நாற்பது நாளில் போனார்.
அந்த வீட்டில்
'கட்டி' என்ற சொல்லை
யாரும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

போரா காற்று ஜன்னல்களை உலுக்கிய பிப்ரவரி.
ஐந்தாம் மாடி. ஒரு பல் டாக்டரின் விதவைக்குப் பியானோ.
மூன்றாவது திருப்பத்தில் நின்றுவிட்டான்.
"இறக்கு" என்றான்.
இருநூறு கிலோவையும் படிமேடையில் இறக்கினோம்.
"தொட்டுப் பார்."

தொட்டேன்.
பிசைந்த மாவின் மெத்து.
அழுத்தினால் ஈரச் சோப்பாக விரலுக்கடியில் நழுவியது.
வலிக்கிறதா?
"இல்லை. அதுதான் தூங்கவிடவில்லை."

மருத்துவர் நெவியா ஸுபினுக்குக் குளிர்ந்த கைகள்.
அல்ட்ராசவுண்ட் களிம்பு அதைவிடக் குளிர் என்று
பின்னால் சொன்னான்.
திரையைக் காட்டி அவர் சொன்னார்:
"கொழுப்பு.
உடம்பு தனியாக ஒரு மூட்டை கட்டி
தோலுக்கடியில் வைத்துக்கொண்டிருக்கிறது.
ஏன் என்று கேட்காதே, பல நேரம் எங்களுக்கே தெரியாது.
புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை."

"இளைத்தால் கரையுமா?"
"நீ கரைவாய். அது இருக்கும்."
"எண்ணெய் தேய்த்தால்?"
"தோள் மினுங்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அப்படியே விடலாம்" என்றார்.
"கெட்டியானால், வலித்தால், மடமடவென்று பெருத்தால்
அன்றைக்கே வந்து நில்.
பட்டை உரசுகிறது என்றால் எடுத்துவிடலாம்.
மரத்துப்போக ஊசி, ஒரு கீறல், சில தையல்,
மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாய்."

ஏப்ரலில் எடுத்தார்கள்.
உறையோடு முழுசாக வந்ததாம்,
கோழிக்கொழுப்பின் மஞ்சளில்.
கிண்ணத்தை எட்டிப் பார்த்து
"இவ்வளவுதானா" என்றானாம்,
யாரோ அவனை ஏமாற்றிவிட்டது போல.

ஆய்வகத்திலிருந்து தாள் வர பன்னிரண்டு நாள்.
அவர் சொன்ன அதே சொல், இப்போது கையெழுத்தோடு.
அப்பாவின் தாள்கள் கிடக்கும் இழுப்பறையில்
அவன் அதை வைக்கவில்லை.
எங்கள் வண்டியில்
அபராதச் சீட்டுகளுக்கு நடுவே செருகினான்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது, காப்பிக் கறையோடு.

ஜூனில் மறுபடி மேல்முனைக்கு வந்தான்.
முதல் இருபது படிக்குள்
பட்டை மூன்று தடவை வழுக்கிவிட்டது.
கீழே என் மார்பில் முழுப் பாரம்.
அவன் அம்மாவையும் என் அம்மாவையும்
படிக்கட்டு முழுக்கத் திட்டித் தீர்த்தோம்.
அப்புறம்தான் உறைத்தது:
இத்தனை காலமும் பட்டையை நழுவாமல் பிடித்திருந்தது
அந்த மேடு.

அவன் மனைவி நீவெஸ்
வேலைச் சட்டையின் இடது தோளில்
பஞ்சு வைத்துத் தைத்துத் தர உட்கார்ந்தாள்.
எவ்வளவு பெரிதாக, என்று கேட்டாள்.
அவன் விழித்தான்.
அவன் அதைக் கண்ணால் பார்த்ததே
கிண்ணத்தில் ஒரே ஒரு முறை.

நான்தான் சொன்னேன்,
விரல்களைக் குவித்துக் காட்டி:
பாதி எலுமிச்சை.
கொஞ்சம் கழுத்துப் பக்கமாக.