பதினேழு விழுக்காடு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில்
கிளைச்சிறைக்கு நாற்பது நிமிடம் தாமதம்.
"பரவால்லம்மா" என்றார் பக்கிரிசாமி,
"பதினோரு நாள் காத்துக் கிடந்தவன் நான்."

கொள்முதல் நிலையத்து வாசலில்
குவித்த குறுவை நெல்லோடு பதினோரு நாள்.
தினம் ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டு
பத்தொன்பது என்பார்கள், இருபது என்பார்கள்.
ஈரம் பதினேழுக்கு இறங்குமுன் மழை இறங்கிவிடும்.
பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது
படுதாவுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய் முளை.
மூட்டை தூக்கும் கொக்கி
பட்டியல் எழுத்தர் கழுத்தில்.

நீதிமன்றம் என்னிடம் கேட்டிருந்தது ஒரே கேள்வி:
செய்த நேரத்தில்
செய்வது இன்னதென்று அறிந்திருந்தாரா?

நூற்றிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது...
ஐந்து விடை போதும் எனக்கு.
அவர் இரண்டில் வந்துதான் நின்றார்.
"மிச்சம் ரெண்டு. அது சாக்குக்குப் போயிடும்."

தூக்கம்?
"படுதாவப் புடிச்சிக்கிட்டு எங்க தூங்குறது."
குரல் ஏதும் கேட்டதா?
"தவளைதான்."
சற்று யோசித்து,
"அது எல்லாருக்கும் கேக்கும்தானே?"

அவருடைய வக்கீலுக்கு வேண்டியது ஒரு சொல்.
அந்தச் சொல்லுக்குத்தான் அவர் பயந்தார்.
"பைத்தியம்னு எழுதிப்புடாதீங்க.
மூத்தவளுக்கு வைகாசியில தேதி குறிச்சிருக்கு.
தெரிஞ்சுதாம்மா செஞ்சேன்.
கொக்கி உள்ள போறப்ப
மூட்டை இல்லன்னு கைக்குத் தெரிஞ்சுது."

சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.
அடுத்த கேள்வி என்னவென்று
தாளைப் பார்த்துத்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

திருவாரூர் நீதிமன்ற நடையில்
எழுத்தரின் மனைவி கோமளவல்லி வழிமறித்தாள்.
"நீங்க யாரு பக்கம்?"
நீதிமன்றத்தின் பக்கம் என்றேன்.
கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு
"அந்தப் பதினேழு அவரு வச்சதில்லீங்க" என்றாள்.

"ஆமா, இல்ல. ஒரே சொல்லுல சொல்லுங்க டாக்டர்."
டாக்டர் இல்லை, உளவியலாளர் என்று திருத்தினேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அறிந்திருந்தார்."

உறங்காத பதினோரு இரவுகள் பற்றி
அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு.
யாரும் கேட்கவில்லை, நானாகத் தொடங்கினேன்.
தட்டச்சரின் விரல் நின்றது.
நீதிபதி கடிகாரம் பார்த்தார்.
அதற்கு நடுவில் எவ்வளவு சொன்னேன்,
எத்தனையாவது இரவு வரை வந்தேன்,
நினைவில்லை.

எதிர்க்கூண்டிலிருந்து பக்கிரிசாமி கும்பிட்டார்,
கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவர் மாதிரி
குனிந்து,
இரண்டு கையாலும்.