சார்பாக

உங்கள் ஐம்பதாம் ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது.
வழுவழுப்பான தாள். நல்ல அச்சு.
பதினோராம் பக்கத்தில் ஓர் ஆளைக் காணவில்லை.

'கிசராகி மோட்டாரின் முதல் அமெரிக்கத் தலைவர்
வாரன் ஸ்டிட்.
போர்ட்லண்ட் துறைமுகத்தில் முதல் காரைக்
கப்பலிலிருந்து தானே ஓட்டி இறக்கினார்.'

ஸ்டிட் அப்போது ஸ்போக்கேனில்
டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார்.
எங்கள் பெயரை உச்சரிக்கவே
அவருக்கு இன்னும் இருபது மாதம் இருந்தது.

முதல் தலைவர் ஹிரோகுனி இனாகாக்கி.
சம்பளக் காசோலை எண் ஒன்று அவருக்கு.
எண் இரண்டு எனக்கு, ஏழு டாலர் குறைவாக.
அந்தப் பிழையையும் நான்தான் திருத்தினேன்.
கார்பன் பிரதிகள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.
நீலம் வெளிறிவிட்டது,
எண்கள் வெளிறவில்லை.

மெத்தைக் கடைக்கு மேலே அலுவலகம்.
நான்கு தெரு தள்ளி ஒரு மோட்டல் அறை,
அதில் அவர் பதினான்கு மாதம்.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு அளவு நாடா.
கார் பார்க்க வருகிறவர்களை உட்காரச் சொல்லி
அனுமதி கேட்டு
முழங்காலை அளப்பார்.
ஒகாயாமாவுக்கு டெலக்ஸ் அடித்தது நான்:
'இந்த நாட்டின் கால்களுக்கு
இரண்டு அங்குலம் போதவில்லை.'

ஹூட் மலைச் சாலையில்
ரேடியேட்டர் கொதித்து நின்றபோது
இன்னொன்று. பிறகு இன்னொன்று.
பதினொரு டெலக்ஸுக்குப் பதில் இல்லை.
பன்னிரண்டாவதற்கு வந்தது:
'திரும்பி வரவும்.'

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம்.
ஓவர்டைமைக் கால் மணி நேரம் வெட்டிக் கணக்கிடுவார்.
மெக்கானிக் ஆர்லோவை ஒருமுறை
காரணமில்லாமல் அழவைத்தார்.
அவமானத்தில் இறந்துபோனார் என்று
விற்பனையாளர் விருந்தில் ஒருவர் உருகிச் சொன்னார்.
இல்லை.
ஃபோர்க்லிஃப்ட் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தார்.
ஜனவரிதோறும் எனக்கு ஒரு அட்டை.
கடைசி அட்டையில் ஒரே வரி:
'ரேடியேட்டரை மாற்றினார்களா?'

மாற்றினார்கள்.
அந்தக் காரைத்தான் ஸ்டிட் விற்றார்.
நன்றாகவே விற்றார், அதில் எனக்குச் சண்டை இல்லை.
ஆனால் அவர் மூன்றாமவர்.
இரண்டாமவர் சக்குமா. ஐந்து மாதம்.
எப்போதும் சளி, அதற்கு மேல் நினைவில்லை.
முழுப் பூசணிக்காயே சோற்றில் மறையாது என்பார்கள்,
நீங்கள் இரண்டு ஆட்களை மறைத்திருக்கிறீர்கள்.

இனாகாக்கி விமானம் ஏறியதற்கும்
சக்குமா இறங்கியதற்கும் நடுவே பதினேழு நாள்.
அப்போது தலைவர் என்று யாருமில்லை.
காசோலைகளில் 'சார்பாக' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டது நான்.
பக்கத்து வீட்டு மர்லீன் இதைக் கேட்டுவிட்டு
ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்:
ஜப்பான் கம்பெனியின் முதல் பெண் தலைவராம் நான்!
அதையும் நம்பிவிடாதீர்கள்.
என்னிடம் இருந்தது ஒரு ரப்பர் முத்திரை,
மை காய்ந்துபோன பஞ்சு,
இரண்டு நாள் மட்டும், ஒப்புக்கொள்கிறேன்,
அவருடைய நாற்காலி.

இன்னும் ஒன்று.
முதல் கப்பல் வந்த அன்று கொட்டும் மழை,
இனாகாக்கி குடையை எனக்குத் தந்துவிட்டு
நனைந்தபடி கார்களை எண்ணினார் என்று
ஐம்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.
இந்தக் கடிதத்துக்காகத் துறைமுகப் பதிவேட்டைப் பார்த்தேன்.
அக்டோபர் பதினெட்டு. வானம் தெளிவு. லேசான காற்று.

குடை எங்கிருந்து வந்தது?
தெரியவில்லை.
மழை நான் சேர்த்தது.
எடுத்துவிடுங்கள்.

மறுபதிப்பு இல்லையென்றால்
பக்கங்களுக்கு நடுவே ஒரு துண்டுச் சீட்டு போதும்,
விரல் நீளத்தில்.
அவர் பெயரில் 'க்' வரும், விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வெர்னா லிண்ட்குவிஸ்ட்,
முன்னாள் கணக்கர்.
யார் சார்பாகவும் இல்லை.