ஒன்பதாம் வரி

காரைக்குடியில் பஸ் ஏறி
குருந்தம்பட்டி விலக்கில் இறங்கும்போதே
வெயில் கல்லைச் சுட ஆரம்பித்திருந்தது.
ஊரணியின் தென்கரையில்
மூன்றாம் படியை ஒட்டிய பலகைக்கல்.
அதன்மேல் சிகப்பி
போர்வை ஒன்றை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருமணி நேரம் கல் வேண்டும் என்றேன்.
"கல்லுதானே, எடுத்துக்கங்க" என்று
சோப்பு நுரையைக் காலால் தள்ளிவிட்டாள்.

கம்பித் தூரிகை. வாளித் தண்ணீர்.
ஈரத்தாளை ஒட்டித் தட்டத் தட்ட
தாள் பள்ளம் தேடி இறங்கியது.
மசிப்பந்தை ஒற்றினேன்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய்
ஸ்வஸ்திஸ்ரீ.
பிறகு யாரோ ஒரு பாண்டியனுக்கு யாண்டு.
எத்தனையாவது என்ற இடத்தில் வெடிப்பு.

புள்ளி வைக்காமல் எழுதிய காலம்.
'கொறறன' என்று கிடப்பவனை
நாம்தான் மூச்சுக் கொடுத்துக்
கொற்றன் ஆக்கவேண்டும்.
ஆடு கொடுத்தவர் பெயர் உதிர்ந்துவிட்டது.
வாங்கிக்கொண்ட இடையன் சாத்தன் கொற்றன் மட்டும்
முழுசாக நிற்கிறான், கடன்காரனாக.

"என்ன எழுதியிருக்கு?"

நொந்தாவிளக்கு ஒன்றுக்குச்
சாவா மூவாப் பேராடு ஐம்பது.
நாள்தோறும் உழக்கு நெய்.

"சாவா மூவான்னா?"

சாகாது. கிழடு தட்டாது.
ஒன்று செத்தால் குட்டியை வைத்து
எண்ணிக்கையை நிரப்பிவிடவேண்டும்,
சூரிய சந்திரர் உள்ளவரை.

சிகப்பி அண்ணாந்து பார்த்தாள்.
சூரியன் இருந்தது.
"அப்ப அந்த அம்பதும் இப்ப யாருகிட்ட?"

பதினெட்டு வருஷ வேலையில்
இதை ஒருவரும் கேட்டதில்லை.
வரிவடிவம் கேட்பார்கள், காலம் கேட்பார்கள்.
கோயில் இருந்ததாகச் சொல்லும் மேட்டில்
செம்புறாங்கல் நாலைந்து,
கருவேலம், ஒரு செல்போன் கோபுரம்.
ஆடுகள் மேயத்தான் செய்தன.
நான் எண்ணவில்லை.

ஒன்பதாம் வரி:
'இது அழித்தான்'
அதற்குமேல் தாள் வெறும் கறுப்பு.
கல் அங்கே வழவழவென்றிருக்கிறது.
அழித்தவனுக்கு என்ன ஆகும் என்பதைத்
துவைத்துத் துவைத்தே அழித்திருக்கிறார்கள்.

தாள் உலரக் காத்திருக்கையில்
"சட்டையெல்லாம் மை, கழட்டுங்க" என்றாள்.
வேண்டாம் என்றேன், இரண்டு முறை.
அப்புறம் பனியனோடு படியில் உட்கார்ந்து
நோட்டில் எழுதினேன்:
'இறுதிப் பகுதி சிதைந்துள்ளது.'
எழுதி முடிப்பதற்குள்
கொற்றன்மேல் விழுந்தது முதல் அடி.

பஸ்ஸில் ஈரம் காய்ந்துவிட்டது.
பையோரம் மட்டும் மசி போகவில்லை.
அவளைக் குறைசொல்ல முடியாது,
நன்றாகத்தான் அடித்தாள்.